10 பெரிதா, 12 பெரிதா?

கேள்வி: அண்ணே, தீபாவளி போனஸில் பிள்ளைகளுக்கு ஒரு கேம் கன்சோல் வாங்கலாம் என்று இருக்கிறோம். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்தான் பவர் என்கிறான் பெரியவன், பிஎஸ் 5 (பிளேஸ்டேஷன் 5)தான் வேகம் என்கிறான் சின்னவன். தினமும் நம்பரைக் காட்டிச் சண்டை. யார் சொல்வது சரி?
(தோட்டத்து வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: இரண்டு பேரும் வேறு வேறு நம்பரைக் காட்டுகிறார்கள் தங்கச்சி. பெரியவன் பார்ப்பது கிராபிக்ஸ் சிப்பை: சீரிஸ் எக்ஸில் 12 டெராஃப்ளாப்ஸ் (வினாடிக்கு 12 லட்சம் கோடி கணக்கு), பிஎஸ் 5இல் 10.28. சின்னவன் பார்ப்பது கேமைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியை: பிஎஸ் 5 வினாடிக்கு 5.5 ஜிபி படிக்கும், மற்றது 2.4தான். உங்கள் பக்கத்துக் கணக்கில் சொன்னால், ஒன்றில் செம்பனை ஆலை கொஞ்சம் பெரிது, இன்னொன்றில் குலை ஏற்றி வரும் லோரிகள் அதிகம். அந்த 12இலும் ஒரு சங்கதி இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் 52 கம்ப்யூட் யூனிட்டை (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதிகள்) 1.825 கிகாஹெர்ட்ஸில் ஓட்டுகிறது, பிஎஸ் 5 வெறும் 36ஐ வைத்துக்கொண்டு 2.23 வரை விரட்டுகிறது. ஆள் குறைவு, கைவேகம் அதிகம்.

ஆனால் இரண்டுக்கும் சேர்த்துச் செய்கிற கேமில், ஒன்றின் முழு வேகத்தை மட்டும் நம்பி யாரும் எழுத மாட்டார்கள், அதனால் டிவியில் பார்த்தால் இவ்வளவு வித்தியாசம் தெரியாது. உண்மையான பாய்ச்சல் பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு வந்ததுதான். என் அக்கா மகனின் பழைய கன்சோலில், மைலோ கலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாலும் கேம் திறக்காமல் அந்த லோடிங் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்!

நம்பரை விடுங்கள். பக்கத்து வீட்டுப் பையன்களிடம் எது இருக்கிறது என்று கேளுங்கள், டிஸ்க் மாற்றி விளையாடலாம். டிஸ்க் போடுகிற மாடலாகவே வாங்குங்கள், ஏனென்றால் 100 ஜிபி கேமை 30 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 30 மெகாபிட்) இன்டர்நெட் லைனில் இறக்க ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் மழை வந்து லைன் போகாமல் இருந்தால். கடையில் ‘இதுவும் எக்ஸ்பாக்ஸ்தான்’ என்று சீரிஸ் எஸ்ஸை நீட்டினால் கவனம். அது 4 டெராஃப்ளாப்ஸ், டிஸ்க் போடவும் வழி இல்லை. அப்புறம் பெரியவனை நீங்கள்தான் சமாதானப்படுத்த வேண்டும்.

கேள்வி: வீட்டில் பழைய யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் சும்மா கிடக்கிறது. பிஎஸ் 5இல் மாட்டலாமா?
(கல்லூரி மாணவர், பாகான் செராய்)

பதில்: யூஎஸ்பி 3.0 வகையாக, 250 ஜிபிக்குக் குறையாமல் இருந்தால் மாட்டலாம் தம்பி. பிஎஸ் 4 கேமை அதிலிருந்தே ஆடலாம். பிஎஸ் 5 கேமை வைத்துக்கொள்ள மட்டும்தான் முடியும், ஆட வேண்டுமென்றால் உள்ளே மாற்ற வேண்டும். இடம் போதவில்லை என்றால் ஹீட்சிங்க் (சூட்டை இறக்கும் உலோகத் தகடு) உள்ள ‘ஜென் 4 எம்.2’ வகை எஸ்எஸ்டி வாங்கி உள்ளே போடு. மூடியைக் கழற்ற ஸ்குரூடிரைவர் தேவையில்லை, எஸ்எஸ்டி ஸ்லாட்டுக்குத்தான் தேவை.