மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பானு முஷ்தாக்கின் கன்னடச் சிறுகதைகளுக்கு 2025-இல் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தபோது, தொகையில் பாதி மொழிபெயர்ப்பாளருக்குச் சென்றதாகப் படித்தேன். கதையை எழுதியவர் ஒருவர் இருக்க, அதை வேறு மொழியில் தந்தவருக்குச் சரிபாதி கொடுப்பது முறையா? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: முற்றிலும் முறையே என்பது என் உறுதியான கருத்து. 2005-இல் தொடங்கிய இந்தப் பரிசு, முதல் பத்தாண்டுகள் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஓர் எழுத்தாளரின் ஒட்டுமொத்தப் படைப்புக்காக வழங்கப்பட்டு வந்தது. 2016 முதல்தான், ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட ஒரு தனி நூலுக்கு ஆண்டுதோறும் வழங்குவது என்றும், 50,000 பவுண்டை மூல ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் சமமாகப் பகிர்ந்துகொள்வது என்றும் விதி மாறியது. நடுவர்கள் கையில் எடுத்து மதிப்பிடுவது ஆங்கில நூலைத்தான். அதன் ஒவ்வொரு வாக்கியமும் மொழிபெயர்ப்பாளர் எழுதியது.

நீங்கள் குறிப்பிடும் பானு முஷ்தாக்கின் நூலான 'ஹார்ட் லேம்ப்'பில், அதை மொழிபெயர்த்த தீபா பாஸ்தியின் பங்கு அதைவிடவும் பெரிது. 1990 முதல் 2023 வரை எழுதப்பட்ட கதைகளிலிருந்து பன்னிரண்டைத் தேர்ந்து, அப்படியொரு தொகுப்பையே உருவாக்கியவர் அவர். அக்கதைகளில் வரும் தென் கர்நாடக முஸ்லிம் பெண்களின் பேச்சில் கன்னடத்தோடு உருதுவும் அரபும் கலந்து வருகின்றன. அச்சொற்களைச் சாய்வெழுத்தில் காட்டவோ அடிக்குறிப்பில் விளக்கவோ அவர் மறுத்துவிட்டார். வீட்டில் புழங்கும் சொல்லைச் சாய்த்து அச்சிட்டால், பேசுகிறவளே தன் வீட்டில் விருந்தாளி ஆகிவிடுவாள். ஆங்கில வாசகர் சற்றுத் தடுமாறினாலும் பரவாயில்லை என்று நிற்க மொழித்தேர்ச்சியோடு துணிவும் வேண்டும்.

கேள்வி: கொரிய எழுத்தாளர் ஹான் காங்கின் 'தி வெஜிடேரியன்' ஆங்கில மொழிபெயர்ப்பில் ஏராளமான பிழைகள் இருப்பதாகச் சொல்கிறார்களே. பிழையுள்ள மொழிபெயர்ப்புக்கு எப்படிப் பரிசு கொடுத்தார்கள்? – ஒரு கல்லூரி ஆசிரியர், மதுரை

பதில்: பிழைகள் இருந்தது உண்மை. மொழிபெயர்ப்பாளர் டெபோரா ஸ்மித் இருபது வயதைக் கடந்த பிறகே கொரிய மொழியைக் கற்கத் தொடங்கியவர். புதிய விதியின்படி 2016-இல் முதல் பரிசு இந்த நூலுக்குக் கிடைத்ததும், கொரியாவில் மூலத்தையும் ஆங்கிலத்தையும் வரிவரியாக ஒப்பிட்டார்கள். கையைக் குறிக்கும் சொல்லும் பாதத்தைக் குறிக்கும் சொல்லும் கொரியத்தில் ஓர் எழுத்தால் மட்டுமே வேறுபடுபவை. அவற்றுள் ஒன்று மற்றொன்றாகிவிட்டிருந்தது. இதைவிடக் கடினமானது எழுவாய்ச் சிக்கல். தமிழில் 'வந்தாள்' என்றாலே, வந்தவர் பெண் என்பதை வினைமுற்று சொல்லிவிடும். கொரிய வினைமுற்றிலோ ஆண், பெண், தன்மை, முன்னிலை எதுவும் தெரியாது. எழுவாயையும் அடிக்கடி விட்டுவிடுவார்கள். யார் செய்தார் என்பதை முன்பின் வாக்கியங்களிலிருந்தே ஊகிக்க வேண்டும். சில இடங்களில் அந்த ஊகம் தவறி, ஒருவருடைய செயல் இன்னொருவர் மேல் ஏறிவிட்டது. மூலத்தின் அடங்கிய நடையை ஆங்கிலம் அலங்கரித்துவிட்டது என்பது மற்றொரு குற்றச்சாட்டு.

சொற்பிழையைக் கண்டால் அடுத்த பதிப்பில் திருத்த வேண்டும். அதில் மறுபேச்சுக்கு இடமில்லை. நடையைப் பற்றிய குற்றச்சாட்டை அப்படி எளிதாக முடிக்க முடியாது, ஏனெனில் கொரியத்தில் அடக்கமாக ஒலிக்கும் வாக்கியம் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாகும்போது அடக்கமாக ஒலிக்காமல், உயிரற்றதாக ஒலிக்கக்கூடும். ஹான் காங் தம் அடுத்த நூல்களையும் இதே மொழிபெயர்ப்பாளரிடம் ஒப்படைத்தார் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 2024-இல் ஹான் காங்குக்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஸ்மித் 2015-இல் தொடங்கிய 'டில்டட் ஆக்ஸிஸ்' என்ற சிறு பதிப்பகம்தான், டெய்சி ராக்வெல் மொழிபெயர்த்த கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவலை பிரிட்டனில் வெளியிட்டது. 2022-இல் இந்திய மொழி ஒன்றுக்கு முதன்முறையாகச் சர்வதேச புக்கரைப் பெற்றுத் தந்த நூல் அது.

கேள்வி: தமிழில் வரும் உலக இலக்கியத்தில் பெரும்பகுதி ஆங்கிலம் வழியாகவே வருகிறது. அவற்றை நம்பிப் படிக்கலாமா? – ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: தாராளமாகப் படிக்கலாம். க. நா. சுப்ரமண்யம் ஆங்கிலம் வழியாகத் தந்த 'மதகுரு', 'அன்பு வழி' ஆகிய சுவீடிய நாவல்கள் இல்லாவிட்டால் தமிழ் வாசகரின் உலகம் சிறுத்திருக்கும். இது தமிழுக்கு மட்டும் உரிய நிலையும் அல்ல. அல்பேனியரான இஸ்மாயில் கதாரேயின் பல நாவல்கள் ஆங்கிலத்தை அடைந்ததே பிரெஞ்சு வழியாகத்தான்.

ஆயினும் நேரடி மொழிபெயர்ப்பு கைகூடும்போது கிடைக்கும் லாபம் தனியானது. ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' நாவலில், பக்கத்துவீட்டு ரேமோன் பேச்சின் நடுவே கதைசொல்லியை நெருக்கமாக விளிக்கத் தொடங்குவதும், அதைத் தான் முதலில் கவனிக்கவில்லை என்று கதைசொல்லி குறிப்பிடுவதும் ஒரு முக்கியமான இடம். நட்பு ஒன்று அவனைக் கேட்காமலே அவன் மேல் வந்து விழுகிறது. பிரெஞ்சில் அது ஒரு பிரதிப்பெயரின் மாற்றம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'யூ' ஒன்றே என்பதால், மொழிபெயர்ப்பாளர் சுற்றிவளைக்க வேண்டியிருக்கிறது. தமிழிலோ 'நீங்கள்' என்பது 'நீ' ஆனால் போதும். ஆங்கிலத்துக்கு இல்லாத வசதி தமிழுக்கு இருக்கையில், ஆங்கிலத்தைச் சுற்றி வருவது வீண் இழப்பு. அந்த நாவலைப் பிரெஞ்சிலிருந்தே தமிழுக்குக் கொண்டுவந்த வெ. ஸ்ரீராமுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது.

கேள்வி: காஃப்காவின் 'உருமாற்றம்' கதையை வில்லா, எட்வின் மூர் தம்பதியரின் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி வைத்திருக்கிறேன். காஃப்கா இறந்து நூறாண்டு ஆகிவிட்டதால் அனுமதி தேவையில்லை என்கிறார் நண்பர். நூலாக வெளியிடலாமா? – ஒரு வாசகர், கோவை

பதில்: பொறுங்கள். நண்பர் சொல்வது பாதிதான் சரி. காஃப்கா 1924-இல் மறைந்தார். அவருடைய ஜெர்மன் மூலத்துக்கு இன்று காப்புரிமை இல்லை. ஆனால் நீங்கள் தமிழாக்கியது மூர் தம்பதியரின் ஆங்கிலத்தை, அந்த ஆங்கிலத்துக்குத் தனிக் காப்புரிமை உண்டு. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். இருவர் சேர்ந்து செய்த படைப்பில் கடைசியாக மறைந்தவரின் ஆண்டே கணக்கு. எட்வின் 1959-இலும் வில்லா 1970-இலும் மறைந்தார்கள். ஆகவே 2030 முடியும்வரை இங்கே உரிமை இருக்கிறது.

இரண்டு வழிகள் உண்டு. ஆங்கில நூலின் பதிப்பகத்தில் உரிமைப் பிரிவுக்கு எழுதி, தமிழ் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். அச்சிடும் படிகள், விலை, உங்கள் பதிப்பகம் ஆகிய விவரங்களைக் கடிதத்திலேயே கொடுத்துவிட்டால் பதில் விரைவாக வரும். அல்லது, ஜெர்மன் நன்கறிந்த ஒருவரைத் துணைசேர்த்து மூலத்திலிருந்தே மறுபடி செய்யுங்கள். உழைப்பு கூடும், ஆனால் மேலே சொன்ன 'நீ', 'நீங்கள்' வேறுபாடு ஜெர்மனிலும் இருப்பதால் உங்கள் தமிழ் அதில் மெருகேறும்.

எந்த வழியில் போனாலும், பதிப்பாளரோடு ஒப்பந்தம் போடும்போது உங்கள் பெயர் முன்னட்டையில் வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். போலந்து எழுத்தாளர் ஓல்கா தொகார்ச்சுக்கை மொழிபெயர்த்து 2018-இல் சர்வதேச புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெனிஃபர் கிராஃப்ட், அட்டையில் பெயர் இல்லாத நூலை இனி மொழிபெயர்ப்பதில்லை என்று 2021-இல் அறிவித்தார். நீங்களும் கேட்கலாம்.