ஒலிப் பக்கம்: வாசகர் கேள்விகள்

இந்த இதழில் முதல் கேள்விக்கே அதிக இடம் எடுத்துக்கொண்டேன். பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கமும், கொழிஞ்சாம்பாறை முதல் பொள்ளாச்சி வரை, லண்டனிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்த ஸ்டீரியோ செட் இருக்கும் வீடுகள் நிறைய. அந்த வீடுகளுக்கெல்லாம் இந்தப் பதில் உதவும்.

லண்டனிலிருந்து ஊர் திரும்பிய என் மாமா மகன், தன்னுடைய கேம்பிரிட்ஜ் ஆடியோ அசூர் 640ஏ வி2 ஆம்ப்ளிஃபயரையும் 640சி வி2 சிடி பிளேயரையும் சேர்த்து 38,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். என்னிடம் வார்ஃப்டேல் டயமண்ட் 9.1 ஸ்பீக்கர்கள் உண்டு. இப்போது பழைய ஏவி ரிசீவரில் ஓடுகின்றன. கேட்பது கர்நாடக இசை, கொஞ்சம் இளையராஜா. வாங்கலாமா? எப்படிப் பார்த்து வாங்குவது?
*வாசகர், கொழிஞ்சாம்பாறை*

வாங்கலாம் தம்பி, ஆனால் பார்த்து வாங்குங்கள். இந்த ஜோடி 2000-களின் நடுவில் வந்தது. ஆம்ப்ளிஃபயர் 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சேனலுக்கு 75 வாட் தரும். பிளேயருக்குள் எடின்பரோவைச் சேர்ந்த உல்ஃப்சன் நிறுவனத்தின், டிஜிட்டல் பதிவை ஒலி மின்சாரமாக மாற்றும் டபிள்யூஎம்8740 சிப் சேனலுக்கு ஒன்றாக இரண்டு இருக்கும். அந்த விலையில் அப்படிச் செய்து கொடுத்தவர்கள் அப்போது குறைவு. உங்கள் ஸ்பீக்கருக்கு இந்த ஆம்ப்ளிஃபயர் தாராளமாகப் போதும். பிளேயரைப் பற்றித்தான் எனக்கு யோசனை. ஆம்ப்ளிஃபயரில் தேய்கிற உறுப்புகள் கொஞ்சம்தான். பிளேயரில் லேசர் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, சிடி வைக்கும் தட்டை இழுக்கும் ரப்பர் பெல்ட் இருக்கிறது. ஏறக்குறைய இருபது வயதில் இவை எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை.

மாமா மகன் வீட்டுக்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும் மூன்று சிடிகளும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு சிடி 70 நிமிடத்துக்கு மேல் நீளமானதாக இருக்கட்டும். இன்னொன்று வீட்டில் எழுதிய சிடி. மூன்றாவது, உங்களுக்கு மனப்பாடமான இசை.

முதலில் ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, வால்யூமைக் குறைத்து வைத்து ஆன் செய்யுங்கள். சில நொடிகளில் உள்ளே 'டக்' என்று ரிலே (ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) விழும் சத்தம் கேட்க வேண்டும். பத்து நிமிடம் சூடாகட்டும். அப்புறம் மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கர் மாட்டும் இடத்தில் இரண்டு சேனலையும் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலை வேண்டாம். நூற்றுக்கணக்கில் காட்டினால், உறவே ஆனாலும் ரிப்பேர் பார்த்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். அது உள்ளே கோளாறு இருப்பதன் அறிகுறி. அந்த டிசி இன்னும் ஏறினால் உங்கள் ஸ்பீக்கரின் சுருளைச் சுட்டுவிடும்.

அளவு சரியாக இருந்தால் ஆஃப் செய்து ஸ்பீக்கரை மாட்டி, பாட்டைப் போட்டு வால்யூமை மெல்லத் திருப்புங்கள். கரகரப்பு வந்தால் பயப்பட வேண்டாம், துடைத்துச் சரிசெய்யலாம். மிகக் குறைந்த வால்யூமில் ஒரு பக்கம் மட்டும் செத்துப்போய் வருகிறதா என்றும் பாருங்கள். ராத்திரி மெதுவாகக் கேட்கிறவருக்கு அது பெரிய குறை. முடிந்தால் பிளக்கைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்து, மேல்மூடியையும் கழற்றச் சொல்லுங்கள். கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கக் கூடாது. இன்னொன்று, நம் ஊரில் பல்லி. செட் இங்கே வந்து ஒரு மழைக்காலம் கழிந்திருந்தால் காற்றுத் துளை வழியாகப் புகுந்து முட்டை வைத்திருக்கும். ஒரு பல்லி சர்க்யூட் போர்டில் குறுக்கே விழுந்தால் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் ஒரே நொடியில் போய்விடும்.

அடுத்து பிளேயர். சிடியின் தடம் உள்ளிருந்து வெளியே போகிறது. தொடக்கத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, விளிம்பில் சுமார் 200 சுற்று. களைத்த பிளேயர்கள் பலவும் விளிம்புக்கு வரும்போது தடுமாறும். ஆகவே நீளமான சிடியின் கடைசிப் பாட்டை முழுதாகக் கேளுங்கள். அடுத்து, வீட்டில் எழுதிய சிடி. அது கடையில் வாங்கும் சிடியைவிடக் குறைவாக ஒளியைத் திருப்பி அனுப்பும். சோர்ந்த லேசர் அதைப் படிக்கத் திணறும். இரண்டையும் தடங்கலின்றிப் பாடினால் லேசரில் இன்னும் உயிர் இருக்கிறது. தட்டைப் பல முறை திறந்து மூடவும் செய்யுங்கள். தட்டு திக்கினால் பெல்ட் தளர்ந்திருக்கும். அது சின்னச் செலவு.

இனி கேட்கும் பரிசோதனை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். இரண்டு கருவிகளை மாற்றி மாற்றிக் கேட்கும்போது எது கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ அதுவே காதுக்கு நல்லதாகப் படும். கால் டெசிபல், அரை டெசிபல் வித்தியாசத்தை நாம் சத்தம் என்று உணர்வதில்லை. தெளிவு என்றும் உயிர் என்றும் நினைத்துக்கொள்கிறோம். கடைகளில் விலை கூடிய செட் எப்போதும் ஜெயிப்பதற்கு இது ஒரு காரணம். அதனால் புதிய ஆம்ப்ளிஃபயரையும் உங்கள் பழைய ரிசீவரையும் ஒப்பிடும் முன் சத்தத்தைச் சமமாக்குங்கள். 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை சிடியில் எழுதிக்கொண்டு, அது ஒலிக்கும்போது ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட்டை அளந்து, இரண்டிலும் ஒரே எண் வரும்படி வால்யூமை வையுங்கள். நூற்றுக்கு ஒன்று வித்தியாசம் வரை பரவாயில்லை, அது 0.1 டெசிபலுக்கும் குறைவு. பழைய ரிசீவரில் பாஸ், ட்ரெபிள், சரவுண்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். 640ஏ-யில் 'டைரக்ட்' பட்டனை அழுத்துங்கள். பிறகு உங்கள் வீட்டுக்காரம்மாவோ தம்பியோ உங்களுக்குத் தெரியாமல் மாற்றிப் போடட்டும்.

இதை நான் கடுமைக்காகச் சொல்லவில்லை. 1978-ல் குவாட் நிறுவனத்தின் மூன்று தலைமுறை ஆம்ப்ளிஃபயர்களை, வால்வில் ஓடுவது ஒன்று, டிரான்சிஸ்டரில் ஓடுவது இரண்டு, எது ஓடுகிறது என்று சொல்லாமல் கேட்பவர்களின் முன் வைத்தார்கள். தேர்ந்த காதுகளாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நன்றாக வடிவமைத்து, தன் சக்திக்குள் ஓடும் ஆம்ப்ளிஃபயர்கள் மிக நெருக்கமாகவே ஒலிக்கும். நான் இதை முழுமனதாக நம்புகிறேன். நெருக்கடி வரும்போதுதான் வேறுபாடு தெரியும். மலிவான ரிசீவர் 6 ஓம் ஸ்பீக்கரைச் சத்தமாக ஓட்டும்போது திணறும், 640ஏ திணறாது. உங்களுக்கு லாபம் வந்தால் அங்கேதான் வரும்.

எதை வைத்துக் கேட்பது? தம்பி, இந்த விஷயத்தில் லண்டன்காரரைவிட நீங்கள் கொடுத்துவைத்தவர். கல்பாத்தித் தேருக்குப் போய் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருப்பீர்கள். கோயில் நடையில் செண்டை மேளத்தை நெஞ்சில் வாங்கியிருப்பீர்கள். அந்த நினைவுதான் அளவுகோல். மிருதங்கத்தைப் போடுங்கள். தொப்பியில், அதாவது இடது பக்கத்தில், கும்கி மேலே ஏறும்போது ஒரே ஓட்டமாக வழுக்கிக்கொண்டு போக வேண்டும், 'தொம்' என்ற ஒரே ஒலியாகத் தேங்கக் கூடாது. வலந்தலையில், அதாவது வலது பக்கத்தில், சாதம் (கருப்பு வட்டம்) போட்ட இடத்து நாதமும் ஓரத்து மீட்டும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பாலக்காடு மணி ஐயரின் பதிவு கையில் இருந்தால் அதைவிட நல்ல பரிசோதனை இல்லை. மைக் இல்லாமல்தான் வாசிப்பேன் என்று ஒரு காலத்தில் பிடிவாதமாக இருந்தவர் அவர். தோலும் மரமுமாக வரும் ஒலியின் மேல் அவ்வளவு அக்கறை. அப்புறம் கே.வி. நாராயணசுவாமியின் குரல். மேல் ஸ்தாயியில் அவர் மெதுவாக நிற்கும் இடத்தில் பின்னால் தம்புரா தெரிகிறதா என்று கவனியுங்கள். பழைய கச்சேரிப் பதிவுகளில் டேப்பின் இரைச்சல் இருக்கும். நல்ல செட்டில் அந்த இரைச்சல் பின்னால் ஒதுங்கி நிற்கும், பாட்டு முன்னால் நிற்கும். இளையராஜா பாட்டில் பாஸ் கிட்டாரைப் பின்தொடருங்கள். ஒவ்வொரு சுரமும் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் போதும்.

நேரடி இசையை அளவுகோலாக வைக்கும் வழக்கம் உங்கள் ஸ்பீக்கர் பிறந்த நாட்டிலும் உண்டு. வார்ஃப்டேலைத் தொடங்கிய கில்பர்ட் பிரிக்ஸ், 1954-ல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் குவாட் பீட்டர் வாக்கரின் ஆம்ப்ளிஃபயர்களை வைத்து, மேடையில் கலைஞர் வாசிப்பதையும் அதன் பதிவையும் அடுத்தடுத்து ஒலிக்கவைத்துக் காட்டினார். அவ்வளவு பெரிய மண்டபத்தில் அப்படிச் செய்யத் துணிந்தவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை.

உங்கள் அறையையும் பாருங்கள். சிவப்பு ஆக்சைடு தரை, வெறும் சுவர், ஓட்டுக்கூரை என்றால் கைதட்டியதும் எதிரொலி வரும். தரையில் கெட்டியான ஜமுக்காளம், ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரில் ஒரு திரை. இந்த மாற்றம் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரியது.

விலைக்கு வருகிறேன். பிளேயர் எல்லாப் பரிசோதனையிலும் தேறினால் 38,000 கொடுக்கலாம், வருத்தப்பட மாட்டீர்கள். கடைசிப் பாட்டில் தடுமாறினால் ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும் விலை பேசுங்கள். அதன் வயதுக்கு ஏற்ற லேசர் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது. சொந்தத்துக்குள் விலை பேசக் கூச்சமாக இருக்கும். "மாமா, ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று பெரியவரிடம் கேளுங்கள், மறுக்க மாட்டார். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: இந்த ஆம்ப்ளிஃபயரில் ரெக்கார்டு பிளேயருக்கான ஃபோனோ வசதி கிடையாது. அதற்கென 640பி என்று தனிப் பெட்டி விற்றார்கள்.

பிரிட்டிஷ் செட்டுக்கு நம் கரண்டில் டிரான்ஸ்பார்மர் வேண்டுமா? பிளக் மூன்று தட்டைக் கால்களோடு இருக்கிறது.
*வாசகர், வேலந்தாவளம்*

வேண்டாம். அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். முன்பு 240 என்று சொல்லிவந்தார்கள். அமெரிக்காவின் 120 வோல்ட், ஜப்பானின் 100 வோல்ட் செட்டுகளுக்குத்தான் டிரான்ஸ்பார்மர் தேவை. பின்னால் கழற்றி மாட்டும் கார்டு என்றால் இந்திய பிளக் வைத்த கார்டை மாற்றிக்கொள்ளுங்கள். அந்தத் தட்டைக்கால் பிளக்கின் உள்ளே ஒரு சின்ன ஃபியூஸ் உண்டு; நம் உருண்டைக்கால் பிளக்கில் அது கிடையாது. ஆகவே செட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் சரியான ஆம்பியரில் இருக்கிறதா என்று பாருங்கள். எர்த் காலை வெட்டிவிட்டு ஓட்டுவது இந்தப் பக்கத்தில் பெரிய வழக்கம், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஹம் சத்தம் வந்தால் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றி, கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தோட்டத்து மோட்டார்கள் நின்ற பின் ராத்திரியில் வோல்ட்டேஜ் ஏறும். அப்போது ஆம்ப்ளிஃபயருக்குள்ளிருந்தே 'ம்ம்' என்று உறுமினால் அது வளைய டிரான்ஸ்பார்மரின் குணம்; ஸ்பீக்கரில் வராதவரை ஆபத்தில்லை. நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று வையுங்கள்.

போனிலேயே எல்லாப் பாட்டும் கிடைக்கும்போது இனி சிடி பிளேயர் எதற்கு என்று என் மகன் கேட்கிறான். அலமாரி நிறைய சிடி வைத்திருக்கிறேன்.
*ஓய்வு பெற்ற ஆசிரியை, சித்தூர் (பாலக்காடு)*

அம்மா, அலமாரி நிறைய இருப்பதே பதில். சிடியில் இருப்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், எதுவும் சுருக்கப்படாத பதிவு. போனில் இலவசமாக வருவது பெரும்பாலும் சுருக்கப்பட்டது. அதைவிட முக்கியம், சிறு கம்பெனிகள் வெளியிட்ட கச்சேரிகள் பல இணையத்தில் இல்லவே இல்லை. மகனிடம் சொல்லி எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் சுருக்காமல் நகல் எடுத்து வையுங்கள், பிளேயரையும் வைத்துக்கொள்ளுங்கள். இடவப்பாதி மழை தொடங்கும் முன் சிடிகளைத் துடைத்து, ஈரம் ஏறாத பெட்டியில் வையுங்கள். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக, வட்டமாக வேண்டாம்.

பிரிட்டிஷ் என்று சொல்லி வாங்கிய கேம்பிரிட்ஜ் ஆடியோ செட்டின் பின்னால் 'மேட் இன் சைனா' என்று இருக்கிறது. போலியா?
*வாசகர், வாளையார்*

அதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. வடிவமைப்பு லண்டன், தயாரிப்பு சீனா. 1978-ல் வந்து உலகமெங்கும் பேர் வாங்கிய என்ஏடி 3020 கூட லண்டன் நிறுவனத்துக்காகத் தைவானில் செய்ததுதான். சேனலுக்கு 20 வாட் என்று சொல்லிவிட்டு அதற்கு மேலேயே தந்தது. இங்கிலாந்திலேயே செய்கிறவர்களும் இருக்கிறார்கள்: சவுத்எண்ட் பக்கம் ரேகா, சால்ஸ்பரியில் நெய்ம். எங்கே திருகாணி முடுக்கினார்கள் என்பதை வைத்து விலையைக் கூட்டவோ குறைக்கவோ நான் சொல்ல மாட்டேன்.

துபாயிலிருந்து அண்ணன் கொண்டுவந்த மியூசிக்கல் ஃபிடிலிட்டி ஏ1 ஆம்ப்ளிஃபயரின் மேல் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. ரிப்பேரா?
*வாசகர், மீனாட்சிபுரம்*

இல்லை, அதன் பிறவிக் குணம். 1985-ல் டிம் டி பரவிச்சினி வடிவமைத்த கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயர் அது. பாட்டு ஓடாதபோதும் முழு மின்சாரத்தை இழுக்கும், மேல்மூடியே வெப்பத்தை வெளியேற்றும் தகடு. பங்குனி, சித்திரையில் நம் பக்கம் 40 டிகிரியைத் தொடும்போது உள்ளே கெப்பாசிட்டர்கள் வெந்துவிடும். அலமாரிக்குள் வைக்காதீர்கள், மேலே ஒரு சாணாவது இடைவெளி விடுங்கள். சிடி பிளேயரை அதன் மேல் அடுக்கியிருந்தால் இன்றே இறக்கி வையுங்கள். கேட்டு முடித்ததும் சுவிட்சை அணையுங்கள். கெப்பாசிட்டர்களை ஒரு முறை மாற்றிவிட்டால், 105 டிகிரி தாங்கும் வகையாகப் பார்த்து, இன்னும் பல காலம் பாடும்.