கறள்தான் முடிவைச் சொல்லும்: 2010 கொரோலாவைத் திருத்துவதா, மாற்றுவதா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், அதே நிலையில் இருக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். கனடாவுக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. வீடு ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில். இரவு வேலை ஏஜக்ஸில், அந்த நேரத்தில் பஸ்ஸை நம்ப ஏலாது. கையில் இருப்பது 2010 ரொயோட்டா கொரோலா, ஓட்டோமற்றிக், 228,000 கிலோமீற்றர் ஓடியது. 4,200 டொலருக்கு வாங்கி எட்டு மாதம். கராஜ்காரர் தந்த எஸ்டிமேற்றில் முன் ஸ்ட்ரட் (அதிர்வு தாங்கி) இரண்டும் 700, கீழ் கொன்ட்ரோல் ஆர்ம் (சில்லைச் சட்டத்தோடு பிடிக்கிற கை) இரண்டும் 550, அலைன்மென்ட் (சில்லுகளை நேர்ப்படுத்துவது) 110, முன் பிரேக் டிஸ்க்கும் பாட்டும் 380, வோட்டர் பம்பும் பெல்ட்டும் 420, எக்ஸோஸ்ட் ஃபிளெக்ஸ் பைப் (புகைக்குழாயின் வளைகிற துண்டு) 250. கூட்டினால் 2,410. பதின்மூன்று வீத வரியோடு 2,723 டொலர். "கார் வாங்கின காசில் பாதிக்கு மேல் திருத்தவே போகுது, டீலரிடம் 20,000 டொலருக்கு ஒன்றை எடுக்கட்டோ?" என்பது உங்கள் கேள்வி.

காரின் விலையோடு திருத்தச் செலவை ஒப்பிடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கோ. அது ஊர்க் கணக்கு. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அங்கே பழைய காரும் விலை ஏறுகிற சொத்து. இங்கே கார் தேய்ந்து போகிற சாமான். திருத்தக் கொடுக்கிற காசு இன்னும் எத்தனை மாத ஓட்டத்தை வாங்கித் தருகிறது என்பதுதான் இங்கே கேட்க வேண்டியது.

20,000 டொலர் கார், வரியோடு 22,600. கனடாவுக்கு வந்து ஒரு வருடம் ஆகாதவருக்கு வட்டி குறைவாகக் கிடைக்காது. 9.99 வீதத்துக்கு 72 மாதம் என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 419 டொலர், முடிவில் கட்டுவது 30,140 டொலருக்குக் கிட்ட. உங்கள் திருத்தச் செலவு 2,723 என்பது ஆறரை மாதத் தவணை. கொரோலா இன்னும் பதினெட்டு மாதம் ஓடினால் மாதத்துக்கு 151 டொலர்தான் விழுகிறது. கடனில் எடுத்த காருக்கு மோதல் காப்புறுதியும், களவு, தீ முதலியவற்றுக்கான காப்புறுதியும் கட்டாயம் போட வேண்டும் என்று கடன் தருபவர் கேட்பார். சொந்தக் காசில் வாங்கிய பழைய காருக்கு அந்த இரண்டையும் எடுத்துவிடலாம். ஸ்காபரோ அஞ்சல் குறியீட்டில் அந்த வித்தியாசம் சின்னக் காசு இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பதினெட்டு மாதமும் கிரெடிட் கார்ட்டை நேரத்துக்குக் கட்டி வந்தால் உங்கள் கிரெடிட் ஸ்கோர் வளரும். அதே 22,600 கடன் 6.99 வீதத்துக்குக் கிடைத்தால் மாதத் தவணை 385. மொத்தத்தில் 2,400 டொலர் மிச்சம், வரிக்கு முந்திய இந்தத் திருத்தச் செலவு அப்படியே திரும்பி வந்த மாதிரி. புதிதாக வந்தவருக்கு நான் பெரும்பாலும் திருத்தச் சொல்வது இதற்காகத்தான்.

ஆனால் இதெல்லாம் ஒரு நிபந்தனையோடு: காரின் அடிப்பக்கம் கறளில் போயிருக்கக் கூடாது. எஞ்சினைக் கழட்டிப் பூட்டலாம், கியர்பொக்ஸை மாற்றலாம், உடம்பை மாற்ற ஏலாது. ஒன்ராறியோவில் மாரிகாலம் முழுக்க வீதியில் உப்புக் கொட்டுகிறார்கள், பனிக்கு முன்னாலேயே உப்புத் தண்ணீர் தெளிக்கிறார்கள். அது மடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்து வெயில் காலத்திலும் அரிக்கும். இங்கே சொந்தக் காருக்கு வருடாந்தப் பரிசோதனையும் இல்லை. "சேஃப்டி" என்கிற சான்றிதழ் கார் கைமாறும்போது மட்டும்தான் தேவை. அடியில் என்ன நடக்கிறது என்று நீங்களாகப் பார்த்தால்தான் உண்டு.

கராஜில் காரைத் தூக்கி வைத்திருக்கும்போது பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கோ. ஒரு டோர்ச் லைட்டும் தட்டை ஸ்க்ரூட்ரைவரும் காணும். கதவுகளுக்குக் கீழே முன் சில்லிலிருந்து பின் சில்லு வரை நீளமாக ஓடுகிற பகுதியை ரொக்கர் பனல் என்பார்கள். ஜக் வைக்கிற இடமும் அதன் அடி மடிப்புத்தான். ஸ்க்ரூட்ரைவரின் பிடியால் அதை மெதுவாகத் தட்டிக்கொண்டு போங்கோ. நல்ல தகடு கணீரென்று கேட்கும். உள்ளே அரித்த இடம் மட்டைப்பெட்டியைத் தட்டின மாதிரிப் பொத்தென்று கேட்கும், செம்மண் நிறத்தில் தூளும் கொட்டும். அந்த இடத்தில் முனையால் அழுத்துங்கோ. மேல் கறள் என்றால் சுரண்டுப்படும், முனை நிற்கும். முனை உள்ளே போனால் தகடு முடிந்தது. பின் சில்லுக்கு முன்னால் உள்ள மூலை முதலில் போகும், அதை விடாமல் பாருங்கோ.

பிறகு பிரேக் குழாய்கள். காரின் அடியில் முன்னிருந்து பின்னுக்குப் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற மெல்லிய இரும்புக் குழாய்களை, பிளாஸ்டிக் கிளிப் பிடிக்கிற இடங்களில் வடிவாகப் பாருங்கோ. கிளிப்புக்குள் ஈரமும் உப்பும் தேங்கும். மேலே பழுப்பு நிறம் மட்டும் என்றால் பயமில்லை. தோல் உரிகிற மாதிரிச் செதில் எழும்பி, குழாய் அந்த இடத்தில் தடித்துத் தெரிந்தால், அவசரமாகப் பிரேக் அமர்த்துகிற நாளில் அது வெடிக்கலாம். இதை மாற்றலாம். நிக்கலும் செப்பும் கலந்த குழாய் போடச் சொல்லுங்கோ, அது கறள் பிடிக்காது. முன் சஸ்பென்ஷன் பூட்டியிருக்கிற சட்டம், பின் அச்சுத் தண்டு, பின் ஸ்பிரிங் உட்காருகிற இடம் ஆகியவற்றையும் பாருங்கோ. இவற்றில் ஓட்டை இருந்தால் எஸ்டிமேற்றைக் கிழித்துப் போடலாம். அடி முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு பளபளவென்று இருந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கோ, கறளை மறைக்கப் பூசியதாக இருக்கலாம்.

அடி நல்லது என்றால், 228,000 இந்தக் காருக்குப் பெரிய ஓட்டம் இல்லை. 1.8 லீற்றர் எஞ்சினில் டைமிங் பெல்ட் இல்லை, செயின் (எஸ்டிமேற்றில் உள்ளது வேறு பெல்ட்). அதனால் டைமிங் பெல்ட் மாற்றுகிற பெரிய செலவு உங்களுக்கு வராது. நான்கு கியர் ஓட்டோமற்றிக்கும் உழைக்கிற பெட்டிதான். வோட்டர் பம்ப் ஒழுகுவது இந்த எஞ்சினில் அடிக்கடி கேள்விப்படுகிற குறை. பம்பைச் சுற்றி இளஞ்சிவப்பாகக் காய்ந்த கறை படிந்திருந்தால் கராஜ்காரர் சொல்வது உண்மை.

2,723 டொலரையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டியதில்லை. முதலில் பம்ப், பிரேக், ஃபிளெக்ஸ் பைப். வரியோடு 1,187 டொலர். பம்பைத் தள்ளிப்போட்டால் ஒரு நாள் 401 நெடுஞ்சாலையில் தண்ணீர் முழுக்கக் கொட்டி எஞ்சின் கொதிக்கும். எஞ்சினின் மேல் பகுதியான அலுமினிய ஹெட் வளைந்தால் 420 டொலர் வேலை காரையே முடித்துவிடும். வெப்ப முள் ஏறுவதைக் கண்டால் "வீடு கிட்டத்தான்" என்று ஓட வேண்டாம், அந்த இடத்திலேயே ஓரங்கட்டி நிறுத்துங்கோ. ஃபிளெக்ஸ் பைப்பைப் பலர் வெறும் சத்தம் என்று விடுகிறார்கள். புகை காருக்குள் வந்தால் அதில் உள்ள காபன் மொனொக்சைட் என்கிற நச்சு வாயுவுக்கு மணமே இல்லை. மாரியில் கண்ணாடியைப் பூட்டிக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டு, வேலைத்தலத்தில் காத்திருக்கிற பழக்கம் இருந்தால் இதை முதல் நாளே செய்யுங்கோ.

மிச்சம் ஸ்ட்ரட், கொன்ட்ரோல் ஆர்ம், அலைன்மென்ட். வரியோடு 1,537. இவற்றைப் பிரிக்க வேண்டாம். இதில் எதைக் கழட்டினாலும் அலைன்மென்ட் திரும்பச் செய்ய வேண்டும், பிரித்தால் 110 டொலர் இரண்டு தரம் போகும். இரண்டு, மூன்று மாதம் பொறுக்கலாமா என்பது ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது: ஆர்மில் றப்பர் புஷ் (ஆர்ம் சட்டத்தோடு சேருகிற இடத்து றப்பர்) வெடித்திருக்கிறதா, அல்லது போல் ஜொயின்ட் (சில்லுப் பக்கத்துக் குண்டு மூட்டு) ஆடுகிறதா? புஷ் என்றால் சத்தம் போட்டுக்கொண்டு கொஞ்சக் காலம் ஓடும். ஜொயின்ட் ஆடினால் அது கழன்று சில்லு மடங்கும், அதற்குத் தவணை கிடையாது. 550 டொலரில் ஜொயின்ட்டும் சேர்ந்ததா என்றும் கேளுங்கோ, இந்தக் காரில் அது ஆர்மோடு தனியாகப் போல்ற் அடித்துப் பூட்டுகிற சாமான். ஸ்ட்ரட் 700 என்பது ஸ்பிரிங்கும் மேல் மவுன்ட்டும் சேர்ந்த முழுத் தொகுதிக்கா, வெறும் ஸ்ட்ரட்டுக்கா என்பதும் தெரிய வேண்டும். பழைய மவுன்ட்டை விட்டுவிட்டுப் புது ஸ்ட்ரட் போட்டால் அதே தட்டுச் சத்தம் திரும்ப வரும். பிரேக்கில், பாட்டை டிஸ்க்கோடு அழுத்துகிற கலிப்பரின் வழுக்குப் பின்களைக் கழட்டித் துடைத்து கிரீஸ் பூசச் சொல்லுங்கோ. உப்பில் அவை இறுகினால் உள் பக்கப் பாட் மட்டும் தேய்ந்து, ஒரு மாரிக்குள் புது டிஸ்க்கும் பழுதாகிவிடும்.

ஒன்ராறியோச் சட்டம் இந்த விடயத்தில் உங்கள் பக்கம். எஸ்டிமேற்றை எழுத்தில் வாங்குங்கோ. கடைசி பில் அதைவிடப் பத்து வீதத்துக்கு மேல் கூடக்கூடாது. போட்ட புதுச் சாமானுக்கும் வேலைக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. கழட்டின பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். "காசாகத் தாங்கோ, பில் வேண்டாம், வரி இல்லை" என்று யாராவது சொன்னால், மிச்சம் பிடிக்கிற 313 டொலருக்காக இந்த உரிமையை நிரூபிக்கிற ஒரே கடதாசியை விட்டுக்கொடுக்கிறீர்கள்.

செலவில்லாத ஒரு வேலையும் இருக்கிறது. 2009 முதல் 2013 வரையான கொரோலாக்கள் தகாட்டா நிறுவனத்து ஏர்பாக் திரும்பப்பெறலில் அடங்கியவை. காலம் போகப் போக ஈரத்திலும் சூட்டிலும் அதன் வாயு வெடிமருந்து கெட்டு, ஏர்பாக் விரியும்போது இரும்புத் துண்டுகளைச் சிதறடித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். காரின் அடையாள இலக்கமான வின் இலக்கத்தை ரொயோட்டா கனடாவின் தளத்தில் போட்டுப் பாருங்கோ. செய்யாமல் இருந்தால், நீங்கள் எத்தனையாவது சொந்தக்காரர் என்றாலும் ரொயோட்டா டீலர் இலவசமாக மாற்றித் தர வேண்டும். பக்கத்தில் மனைவி பிள்ளைகளை ஏற்றுகிற கார், இதைப் பின்போட வேண்டாம்.

எப்போது கைவிடுவது? அடிச்சட்டத்தில் ஓட்டை, கியர் வழுக்கல், தண்ணீரும் ஒயிலும் கலத்தல், எஞ்சினுக்குள் இரும்பு தட்டுகிற சத்தம். இவற்றில் ஒன்று வந்தால் மேலே சொன்ன கணக்கு செல்லாது. ஒயில் குடிப்பது மட்டும் இந்தப் பட்டியலில் இல்லை. இரண்டு தரம் பெற்றோல் அடித்தால் ஒரு தரம் டிப்ஸ்டிக்கைப் பார்த்து 0டபிள்யூ-20 எஞ்சின் ஒயில் ஊற்றி வந்தால் அது பல காலம் ஓடும், பார்க்காமல் விட்டால்தான் சாகும்.

அப்படி மாற்ற வேண்டி வந்தாலும் 20,000 டொலர்க் கடனுக்குப் பாய வேண்டாம். தனியாரிடம் வாங்கினால், மாகாண அரசின் சேவை நிலையமான சேர்விஸ் ஒன்ராறியோவில் 20 டொலருக்கு விற்கிற பாவித்த வாகனத் தகவல் பொதியை விற்பவர் தர வேண்டும். அதில் உள்ள பெயரும் விற்பவரின் பெயரும் ஒன்றா என்று பாருங்கோ. வேறாக இருந்தால் அவர் அனுமதியில்லாமல் கார் வியாபாரம் செய்பவராக இருக்கலாம், விலகுங்கோ. பொதி கார்மேல் உள்ள ஒன்ராறியோக் கடனை மட்டும் காட்டும், வேறு மாகாணக் கடனுக்குக் கார்ஃபக்ஸ் என்கிற வாகன வரலாற்று அறிக்கை வேண்டும். வரி நீங்கள் கொடுத்த விலைக்கோ, ரெட் புக் என்கிற பழைய கார் விலைப்பட்டியலில் உள்ள மொத்த வியாபார விலைக்கோ, எது கூடவோ அதற்கு. ஆகவே "வரியைக் குறைக்க 2,000 என்று எழுதுவோம்" என்பது பயன்படாது. சேஃப்டி 36 நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். அது அன்றைய நிலையைத்தான் சொல்கிறது, உத்தரவாதம் இல்லை. விற்பவர் காட்டுகிற கராஜில் இல்லாமல் நீங்கள் தெரிவு செய்கிற கராஜில் தூக்கிப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கோ. டீலரிடம் என்றால் அவர் ஒன்ராறியோவின் கார் விற்பனையாளர்களைக் கட்டுப்படுத்துகிற ஒம்விக் அமைப்பில் பதிவு செய்தவரா என்று பாருங்கோ. 3,000 டொலருக்கு மேல் திருத்தின விபத்தை அவர் எழுத்தில் சொல்லியாக வேண்டும். பழைய காரை அவரிடமே கொடுத்தால் வித்தியாசத் தொகைக்கு மட்டும்தான் வரி. ஆனால் கையெழுத்து வைத்த பிறகு யோசித்துத் திருப்பிக் கொடுக்க ஒன்ராறியோவில் கால அவகாசம் எதுவும் இல்லை, நாளைக்கே மனம் மாறினாலும் கார் உங்களுடையது. இரண்டு கிழமைக்கு ஒருதரம் இவ்வளவு என்று சொன்னால் 26ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்கி, மொத்தத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கோ. வாங்குவதற்கு முன்னாலேயே வின் இலக்கத்தைக் கொடுத்துக் காப்புறுதி விலையும் கேளுங்கோ.

இப்போதைக்கு, அடி நல்லது என்று கண்டால், திருத்தின கையோடு ஒக்டோபரில் கறள் எதிர்ப்பு எண்ணெய் அடியுங்கோ. சொட்டுகிற வகைதான் மடிப்புக்குள் போகும், இரண்டு நாள் வாசலில் சொட்டும், அதற்கு ஒரு மட்டை விரியுங்கோ. நாலு சில்லுக்கும் மலையும் பனிப்பூவும் அடையாளமாகப் பதித்த மாரி ரயர் போட்டால் காப்புறுதியில் கழிவு தர வேண்டும் என்பது 2016 ஜனவரியிலிருந்து இங்கே விதி. ரசீதைக் காப்புறுதிக்காரருக்கு அனுப்பிக் கேளுங்கோ, கேட்காமல் அவர்கள் போடமாட்டார்கள்.