அந்த இரண்டாவது பவுன்ஸ்

அன்புள்ள ஐயா,

2025 விம்பிள்டன் ஆண்கள் சக்கர நாற்காலி டென்னிஸ் ஒற்றையர் இறுதியை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். முதல் செட்டை 3-6 எனத் தோற்ற டோக்கிட்டோ ஓடா, ஆல்ஃபி ஹியூவெட்டை 7-5, 6-2 என வென்றார். பாவம், மனம் நெகிழ்ந்துவிட்டது. பந்து இரண்டு முறை தரையில் பட்ட பிறகும் அடிக்கலாம் என்ற இரண்டு பவுன்ஸ் சலுகை இருப்பதால் ஆட்டம் கொஞ்சம் எளிதுதானே? சக்கர நாற்காலியில் இருக்கும் என் தம்பி மகனுக்கு (வயது 14) ஆசை வந்துவிட்டது. என்ன ராக்கெட் வாங்கலாம்? பரிசுத்தொகை ஏன் குறைவு?

ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

பரிசுத்தொகையை விடுங்கள். ‘பாவம்’ என்று எழுதினீர்களே, அதைத் தம்பி மகன் காதுபடச் சொல்லாதீர்கள். 2024 பாரிஸ் பாராலிம்பிக் இறுதியிலும் இதே ஹியூவெட்டை 6-2, 4-6, 7-5 என வென்றவர் ஓடா. அப்போது அவருக்கு வயது 18. இதில் யார் பாவம்?

சலுகை என்கிறீர்கள். நின்று ஆடுபவர் பக்கவாட்டில் இரண்டு எட்டு வைத்தால் பந்து கைக்கு வந்துவிடும். நாற்காலி பக்கவாட்டில் போகாது. முதலில் திருப்ப வேண்டும், பிறகுதான் தள்ள வேண்டும், அதுவும் ராக்கெட்டைப் பிடித்த கையாலேயே. ஒற்றையர் களத்தின் அகலம் 8.23 மீட்டர். அதற்குத்தான் இரண்டாவது பவுன்ஸ். அது கோட்டுக்கு வெளியே விழுந்தாலும் செல்லும்.

ஆனால் அதற்குக் காத்திருப்பவர் என்ன ஆவார்? பந்து இன்னும் பின்னால் போகும், தாழும், வேகம் செத்துவிடும். அதற்குள் எதிராளி திரும்பி வந்து இடம் பிடித்திருப்பார். புல்தரையிலோ பந்து வழுக்கிக்கொண்டு போகும், இரண்டாவது முறை எழும்புவதே அபூர்வம். நாற்காலியும் புல்லில் கனக்கும். விம்பிள்டன் 2016 வரை ஒற்றையர் ஆட்டத்தைச் சேர்க்கத் தயங்கியதே அதனால்தான். ஓடா முன்னேறி, பந்து எழும்போதே அடிக்கிறார். மறுபடி பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டுச் சக்கரத்தைப் பாருங்கள். அடித்த பிறகு அது நிற்பதே இல்லை. நின்ற நாற்காலியைக் கிளப்பும் முதல் தள்ளுதான் மிகக் கடினம். அதனால் அடித்ததும் வளைந்து பின்னால் போய், வேகம் குறையாமல் அடுத்த பந்துக்குத் திரும்புகிறார்கள். சும்மா நின்று வேடிக்கை பார்ப்பவனுக்கு மூன்று பவுன்ஸ் கொடுத்தாலும் பந்து எட்டாது.

இன்னொன்று. வீட்டு நாற்காலியோடு களத்தில் இறக்கிவிடாதீர்கள். தலைக்கு மேல் ஓங்கி அடித்தால் மல்லாக்க விழுவான். விளையாட்டு நாற்காலிக்குப் பின்னால் சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும், அது கவிழாமல் காக்க. பெரிய சக்கரங்கள் மேலே நெருங்கி, கீழே அகன்று 20 பாகை அளவுக்குச் சாய்ந்திருக்கும். திருப்புவது அதனால்தான் எளிது. அகலம் அதிகம், வீட்டு வாசலில் நுழையச் சக்கரத்தைக் கழற்ற வேண்டிவரும். இருக்கையின் சரிவையோ முன்சக்கர உயரத்தையோ மாற்றினால், அச்சு உயரத்தில் இரு சக்கரங்களுக்கும் இடையே முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இல்லையென்றால் டயர் தரையை உரசி இழுக்கும், பையன் தன் கையில்தான் பலமில்லை என்று நினைத்துக்கொள்வான். இடுப்பு, முழங்கால், பாதம் மூன்றுக்கும் பட்டை வேண்டும். உடம்பும் நாற்காலியும் ஒன்றாகத் திரும்பாவிட்டால் தள்ளும் பலமெல்லாம் வீண். நம் ஊர் வியர்வையில், சக்கரத்தின் வெளிப்புறம் கையால் தள்ளும் வளையம் வழுக்கும், துண்டு ஒன்று மடியிலேயே இருக்கட்டும்.

ராக்கெட் கேட்டிருந்தீர்கள். தனி ராக்கெட் என்று ஒன்றும் கிடையாது, 27 அங்குலச் சாதாரண ராக்கெட்தான். கைப்பிடி தடிமனாக இருந்தால் அதோடு சக்கரத்தைத் தள்ள வராது. விலை உயர்ந்தது வேண்டாம், வளையத்தில் இடித்து இடித்து ஓரம் தேயும். முதல் இரண்டு வாரம் பந்தே வேண்டாம். ராக்கெட்டைப் பிடித்தபடி எட்டு வடிவில் சுற்றட்டும், நிற்காமல்.