இன்டெல் பி580 கிராபிக்ஸ் கார்டை நம்பி வாங்கலாமா? சொன்ன விலைக்கு ஏன் கிடைக்க மாட்டேன் என்கிறது?

உங்களிடம் ஓரளவு புது பிராசஸர் இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஐந்தாறு வருடப் பழைய கணினிக்குக் குறைந்த செலவில் உயிர் கொடுக்கலாம் என்ற எண்ணத்தில் கேட்கிறீர்கள் என்றால், வேண்டாம். கேள்வியில் பிராசஸர் எதுவென்று இல்லாததால் இரண்டு பக்கமும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வேகம். இன்டெலின் ஆர்க் என்ற கார்டு வரிசையைச் சேர்ந்த பி580 விற்பனைக்கு வந்தது 2024 டிசம்பர் 13. அமெரிக்க விலை 249 டாலர், நினைவகம் 12 ஜிபி. அப்போது அதற்கு எதிரே நின்ற என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 விலை 299 டாலர், நினைவகம் 8 ஜிபி மட்டும். 1440பி-யில் (2560x1440 புள்ளித் திரை) 4060-ஐ விடச் சராசரியாக 10 சதவீதம் வேகம் அதிகம் என்று இன்டெல் சொன்னது. வழக்கமாக இப்படிக் கம்பெனிக்காரர்கள் சொல்வதில் பாதியைக் கழித்துவிடுவேன். இந்த முறை வெளியே சோதித்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான் வந்தது. அந்தக் கூடுதல் 4 ஜிபியும் சும்மா இல்லை. இப்போது வரும் பெரிய கேம்களில் டெக்ஸ்சரை, அதாவது பொருட்களின் மேற்பரப்புப் படங்களின் தரத்தை, உயர்த்தினால் 8 ஜிபி நிரம்பிவிடும். அப்புறம் கேம் விக்கி விக்கி ஓடும்.

2022 அக்டோபரில் இன்டெலின் முந்தைய தலைமுறைக் கார்டுகளான ஏ770, ஏ750 வந்தபோது நிலைமை இப்படி இல்லை. இன்டெல் இந்தத் தொழிலுக்கு முற்றிலும் புதிது என்றும் சொல்லிவிட முடியாது: 1998-லேயே ஐ740 என்று ஒரு கார்டு விட்டார்கள், லாரபீ என்ற அடுத்த முயற்சியைக் கடைக்கு வருமுன்பே 2009 டிசம்பரில் கைவிட்டார்கள். ஆனாலும் கார்டையும் கேமையும் இணைக்கும் மென்பொருளான டிரைவர் விஷயத்தில் புதியவர்கள்தான். என்விடியாவும் ஏஎம்டியும் ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியாகத் திருத்தம் போட்டுப் போட்டு இருபது வருடத்துக்கு மேலாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பிராசஸரோடு வரும் கிராபிக்ஸுக்கு எழுதிய டிரைவரை வைத்தே பெரிய கார்டையும் ஓட்டிவிடலாம் என்று இன்டெல் நினைத்தது. அது போதவே போதாது என்று அப்போதைய தலைவர் பேட் கெல்சிங்கரே முதலீட்டாளர்களிடம் ஒப்புக்கொண்டார். டைரக்ட்எக்ஸ் என்பது விண்டோஸ் கேம்கள் கார்டிடம் வேலை சொல்லும் மொழி மாதிரி; அதன் பழைய பதிப்பான டைரக்ட்எக்ஸ் 9-இல் எழுதிய கேம்களுக்கு நேரடி ஆதரவே கிடையாது; எல்லாவற்றையும் டைரக்ட்எக்ஸ் 12-க்கு மாற்றி ஓட்டினார்கள். புது கேமில் ஓடிய கார்டு பழைய கவுன்டர் ஸ்ட்ரைக்கில் தடுமாறியது. 2022 டிசம்பரில் வந்த டிரைவரில்தான் அது பெரிய அளவில் சரியானது.

பி580-இல் வன்பொருளையும் திருத்திவிட்டார்கள். முந்தைய தலைமுறை மென்பொருளில் சமாளித்த சில கட்டளைகளை இந்தச் சில்லு தானே செய்கிறது. அன்ரியல் எஞ்சின் 5 என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்த கேம்களில் இது நன்றாகத் தெரிகிறது.

அப்படியென்றால் பழைய கணினிக்கு ஏன் வேண்டாம்? 2025 ஜனவரியில் ஹார்டுவேர் கனக்ஸ், ஹார்டுவேர் அன்பாக்ஸ்டு என்ற யூடியூப் சேனல்கள் இதே கார்டை மலிவான, பழைய பிராசஸர்களோடு சோதித்துப் பார்த்தன. முதல் நாள் விமர்சனங்கள் எல்லாம் மிக வேகமான பிராசஸரில் செய்தவை. ஏஎம்டியின் பழைய பிராசஸரான ரைசன் 5 2600-இல் போட்டதும் பி580 பல கேம்களில் 4060-க்குப் பின்னால் போய்விட்டது. சில கேம்களில் அதைவிடப் புதிய ரைசன் 5 5600-இலேயே சறுக்கல் தெரிந்தது. காரணம், இன்டெல் டிரைவர் திரைக்கு வரும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (படத்துக்கும்) பிராசஸரிடம் அதிக வேலை வாங்குகிறது. பிராசஸர் மூச்சு வாங்கும்போது கார்டு சும்மா காத்திருக்கும். 250 டாலர் கார்டை யார் தேடுவார்கள்? இந்த மாதிரி பிராசஸர் வைத்திருப்பவர்கள்தானே! எனக்கு இந்தக் கார்டின் மேல் இருக்கும் பெரிய குறை இதுதான்.

இன்னொன்று ரீசைஸபிள் பார். சாதாரணமாகப் பிராசஸர் கார்டின் நினைவகத்தை 256 எம்பி ஜன்னல் வழியாகத்தான் பார்க்கும். இதை ஆன் செய்தால் முழுவதையும் ஒரேயடியாகப் பார்க்கும். மற்ற கார்டுகளுக்கு இது ஒரு சின்னக் கூடுதல் லாபம். ஆர்க்குக்கு இது இல்லையென்றால் வேகம் பாதாளத்துக்குப் போய்விடும். என் சித்தப்பா மகன் ரைசன் 5 3600 பிராசஸரும் பி450 மதர்போர்டும் உள்ள கணினிக்கு இந்தக் கார்டை ஆர்டர் போட்டுவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டான். பயோஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் மதர்போர்டு அமைப்புத் திரை) பழைய முறையில் கணினியைத் தொடங்கவைக்கும் சிஎஸ்எம்-ஐ அணைத்து, இதற்குத் தேவையான அபவ் 4ஜி டிகோடிங், ரீசைஸபிள் பார் இரண்டையும் ஆன் செய்து சேவ் செய்தால் விண்டோஸ் வரவே இல்லை, திரும்பத் திரும்ப பயோஸ்தான் வந்தது. டிஸ்க் பழைய எம்பிஆர் பிரிவு முறையில் இருந்தது, சிஎஸ்எம் இல்லாமல் அதிலிருந்து விண்டோஸ் தொடங்காது. சிஎஸ்எம்-ஐ மறுபடி ஆன் செய்து உள்ளே போய், விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியை ஓட்டிப் புது ஜிபிடி முறைக்கு மாற்றிய பிறகு வழிக்கு வந்தது. "கார்டு போடறதுன்னா செருகி ஸ்க்ரூ போடறதுதானே அண்ணா?" என்று கேட்டான். மற்ற கார்டுகளில் அப்படித்தான்.

சரி, விலைக்கு வருவோம். பி580-இன் சில்லு 272 சதுர மில்லிமீட்டர். 4060-இன் சில்லு 159. இரண்டையும் தயாரிப்பது தைவானின் டிஎஸ்எம்சி, அதுவும் ஒரே 5 நானோமீட்டர் குடும்பத்தில். அதாவது இன்டெல் 10 சில்லு வெட்டும் பரப்பில் என்விடியா 17 வெட்டிவிடும். இத்தனை பெரிய சில்லு, 12 ஜிபி நினைவகம், இதையெல்லாம் போட்டு எதிராளியைவிட 50 டாலர் குறைத்து விற்றால் கையில் என்ன நிற்கும்? லாபம் மெலிந்த பொருளை எந்த நிறுவனமும் மலைபோல் தயாரித்துக் குவிக்காது. இது என் ஊகம்தான், ஆனால் நடந்தது அதற்கு ஒத்துப்போகிறது. முதல் சரக்கு அமெரிக்காவில் சட்டென்று தீர்ந்தது, வாராவாரம் சரக்கு வரும் என்று இன்டெல் சொன்னது, ஆனாலும் மாதக்கணக்கில் பல கடைகளில் விலை 300 டாலரைத் தாண்டியே இருந்தது. 249-க்குப் புகழ்ந்த விமர்சனத்தைப் படித்துவிட்டு 320 கொடுப்பதில் அர்த்தமில்லை.

இந்தியாவில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அமெரிக்க விலையில் வரி சேராது. அன்றைய டாலர் மதிப்பில் 249 டாலர் சுமார் 21 ஆயிரம் ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தாலே 25 ஆயிரத்தைத் தொடும். இறக்குமதி செய்பவர், கடைக்காரர் பங்கு அதற்கு மேல். இதைக் கடைக்காரர் கொள்ளை என்று திட்டுவதில் நியாயமில்லை.

ரைசன் 5 7600 அல்லது அதற்கு மேல் வைத்திருந்து, அதே அளவு வேகமுள்ள என்விடியா, ஏஎம்டி கார்டுகளைவிட இது மூவாயிரம், நாலாயிரமாவது குறைவாகக் கிடைத்தால் எடுங்கள். வித்தியாசம் ஆயிரம் ரூபாய்தான் என்றால் நான் எடுக்க மாட்டேன். பிராசஸர் அதைவிடப் பழையது என்றால், மாடல் பெயரையும் மதர்போர்டு பெயரையும் கமென்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.