பழைய புல்லட் பள்ளத்தில் தூக்கித் தூக்கிப் போடுகிறது. ஷாக் அப்சார்பரை மாற்றினால் சரியாகுமா?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். எந்த வருட மாடல் என்று நீங்கள் சொல்லவில்லை. வார்ப்பிரும்பு இன்ஜின் போட்ட பழைய 350 என்றே எடுத்துக்கொள்கிறேன். தெருவில் பாதிப் பேர் "புல்லட்னா அப்படித்தான், உடம்பைப் பழக்கிக்கோ" என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மற்ற பந்தய வண்டிகளுக்குப் பெரும்பாலும் பின்பக்கம் ஸ்பிரிங்கே இல்லாத காலத்தில், 1948-லேயே பின்சக்கரம் மேலும் கீழும் அசைய விடும் ஸ்விங் ஆர்மும் ஷாக் அப்சார்பரும் மாட்டிக் களத்தில் இறக்கிய வண்டி இது. அதே ஆண்டு இத்தாலியில் நடந்த ஆறு நாள் பந்தயத்தில் தங்கப் பதக்கமும் வாங்கியது. குலுக்குவது அதன் பிறவிக் குணம் என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

அப்பாவின் புல்லட் எண்பதுகளில் திருவொற்றியூரில் செய்தது. முதுகுத் தண்டில் தேய்மானம் வந்த பிறகு அவரால் அதில் கடைத்தெரு வரைகூடப் போக முடியவில்லை. காட்டிய இடத்தில் "பின் ஷாக் அப்சார்பர் போயிடுச்சு" என்றார்கள். கேஸ் நிரப்பிய புது ஜோடி மாட்டினோம். முதல் பள்ளத்திலேயே பழைய அடிதான், அதுவும் கையில் விழுந்தது.

அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் போனோம். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில் பாரைத் தன் முழு எடையால் அழுத்தி, மெதுவாக விட்டார். ஹெட்லைட் கூட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவே டேப் வைத்து அளந்து, சாக்பீஸால் கோடு போட்டார். அடுத்து முன்பக்கத்தைத் தூக்கி மெதுவாக விட்டு, மறுபடி அளந்தார். இரண்டு அளவுக்கும் இடையே இரண்டு விரல் வித்தியாசம். "தம்பி, இது ஸ்பிரிங் கோளாறு இல்லை. உள்ளே பிடிச்சுக்கிட்டு நிக்குது" என்றார்.

முன் ஆக்சிலைப் பிடிக்கும் நட்டுகளையும் மட்கார்டு கம்பிகளையும் அவர் தளர்த்தியதும் 'டக்' என்று ஒரு சத்தம். முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கும் ஃபோர்க் கால்களில் ஒன்று கண்ணெதிரே நகர்ந்து உட்கார்ந்தது. எப்போதோ சக்கரம் கழற்றி மாட்டியவர்கள் இரண்டு கால்களையும் உள்பக்கமாக இழுத்தபடியே முடுக்கியிருக்கிறார்கள். அப்படி இருந்தால் குழாய்கள் ஒன்றோடொன்று உரசும், சின்னப் பள்ளத்துக்கு ஃபோர்க் அசையவே அசையாது. தளர்த்தி, பலமுறை அழுத்தி விட்டு, கால்கள் தாமாக நேரான பிறகு முடுக்க வேண்டும். முடுக்காமல் வண்டியை எடுத்துவிடாதீர்கள்.

ஃபோர்க் ஆயிலை இறக்கினால் கறுப்பாக, பாகு பதத்தில் வந்தது. இன்ஜின் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள், அதுவும் அளவுக்கு மேல். கெட்டி ஆயில் இருந்தால் முன்பக்கம் அலையாமல் கெட்டியாக இருப்பது போலத் தோன்றும். ஆனால் கூர்மையான பள்ளம் வரும்போது அந்த ஆயில் சின்னத் துளை வழியாக வேகமாகப் போக முடியாது, அடி நேராக மணிக்கட்டுக்கு வரும். அளவு கூடினால் மேலே காற்றுக்கு இடம் குறைந்து இன்னும் இறுகும். மேனுவலில் சொன்ன கிரேடை அளவு ஜாரில் அளந்து இரண்டு காலுக்கும் சமமாக ஊற்றுங்கள்.

எல்லா மெக்கானிக்கையும் குறை சொல்கிறேன் என்று யாரும் வரிந்து கட்டிக்கொண்டு வர வேண்டாம். சரிசெய்து தந்தவரும் மெக்கானிக்தான். பின்னால் ஒற்றை ஷாக் அப்சார்பர் வைத்த இன்றைய மோனோ ஷாக் வண்டியோடு ஒப்பிடவும் வேண்டாம், அந்தச் சொகுசு வரும் என்று நான் சொல்லவில்லை.

காற்றைப் பாருங்கள். தனியாக ஓட்டினால் முன்னால் 20 psi-ஐ ஒட்டியும் பின்னால் 30 psi-ஐ ஒட்டியும் போதும். பங்க்கில் கேட்காமலே இரண்டுக்கும் ஒரே அளவு அடித்துவிடுவார்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ரொம்பப் பழசு என்றால் ரப்பர் கல்லாகியிருக்கும். பின் ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் வளையம் இரண்டு பேர் உட்காரும் நிலையில் இருந்தால், அதைத் திருப்பும் கொக்கி வடிவ சி ஸ்பேனரால் இறக்குங்கள். அதனால் ஸ்பிரிங் மென்மையாகாது, உங்கள் எடைக்கு வண்டி கொஞ்சம் அமரும், அவ்வளவுதான். ஷாக் அப்சார்பர் அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அமர்ந்தால் சரி. அதற்கு மேல் இறங்கினால் அடித்தட்டி அதுவே குலுக்கலாகிவிடும்.

இதையெல்லாம் செய்த பிறகும் எங்கள் தெருவில் நிம்மதி இல்லை. வேகத்தடைக்கு, சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். இங்கே வீட்டு வாசலுக்கு வாசல் செங்கல்லும் சிமென்ட்டும் வைத்து ஒரு முழ அகலத்தில் கரை கட்டுகிறார்கள். வெள்ளைக்கோடு கிடையாது, இரவில் கண்ணுக்கே தெரியாது. முதுகு வலிக்காரர், கர்ப்பிணி, ஆம்புலன்ஸ் எல்லோரும் அதில்தான் ஏறி இறங்க வேண்டும். மனு கொடுத்தும் பதில் இல்லை.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். இத்தனையும் பார்த்த பிறகும் பின்பக்கம் அழுத்தி விட்டால் குதித்துக்கொண்டே இருந்தாலோ, ஷாக் அப்சார்பர் தண்டில் ஆயில் கசிந்தாலோ தாராளமாக மாற்றுங்கள். கடையில் உங்கள் எடையையும், தனியாக ஓட்டுவீர்களா என்பதையும் சொல்லி வாங்குங்கள். கழற்றியதை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். அப்பா வண்டியில் இன்றைக்கும் ஓடுவது நாங்கள் கழற்றி வைத்திருந்த அந்தப் பழைய ஜோடிதான்.