காதலும் காணியும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பழைய பிரான்ஸின் மாகாணப் பிரபு குடும்பங்களில் பிள்ளைகள் மனத்துக்குப் பிடித்தவரை மணக்க முடிந்ததா?

பதில்: சட்டம் அதற்கு வழிவிடவில்லை. இரண்டாம் ஹென்றி மன்னரின் 1556ஆம் ஆண்டு ஆணைப்படி, 30 வயது நிரம்பாத மகனோ 25 வயது நிரம்பாத மகளோ பெற்றோர் சம்மதமின்றி மணம் முடித்தால், சொத்தில் பங்கில்லை என்று தகப்பன் எழுதிவிடலாம். 1579இல் வந்த புளுவா ஆணை இன்னும் கடுமையானது. அதன்படி, 25 வயதுக்குட்பட்டவரை வீட்டார் அறியாமல் மணப்பது, இருவரும் மனமொத்து மணந்திருந்தாலும், கடத்தல் குற்றம். எழுத்தளவில் அதற்கு மரண தண்டனை. பெற்றோர் சம்மதம் இல்லாவிட்டாலும் திருமணம் செல்லும் என்று திருச்சபையின் திரெந்துச் சங்கம் 1563இல் அறிவித்திருந்தும், பிரெஞ்சு அரசு அதை ஏற்கவில்லை.

இத்தனை கெடுபிடிக்கும் காரணம் நிலம். ஆன்ஜூ மாகாண வழக்கப்படி, பிரபு குடும்பத்தின் மூத்த மகனுக்குத் தலைமை மாளிகையும் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கும் சேரும். மகளுக்கு ரோஜாப்பூ முடி ஒன்றை மட்டும் சூட்டித் தகப்பன் கட்டிக்கொடுத்திருந்தாலும் போதும், பிறகு அவள் பிறந்த வீட்டுச் சொத்தில் உரிமை கோர முடியாது. மணமுடிக்கப் பணமில்லாத வீடுகளில் பெண்கள் கன்னிமாடத்துக்குப் போனார்கள். அங்கே கட்ட வேண்டிய தொகை குறைவு.

கேள்வி: போட்டி என்றால் வாள் சண்டை மட்டும்தானா?

பதில்: இல்லை. கோவிலில் யார் இருக்கை முன்னால், யாருக்கு முதலில் தூபம், யாருக்கு முதலில் தீர்த்தம் என்பதற்கெல்லாம் அண்டை அயல் பிரபுக்கள் உயர்நீதிமன்றம் வரை வழக்காடினார்கள். ஆனால் பெரிய போட்டி, சொத்துக்கு வாரிசான பெண்ணுக்காகத்தான். பின்னாளில் பிரெஞ்சுப் புரட்சியின் பெரும் பேச்சாளரான மிராபோ, 1772இல் எக்ஸ் நகரத்துப் பெருஞ்செல்வரின் மகள் எமிலி தெ மரின்யானைப் பல போட்டியாளர்களை முந்தி மணந்தார். பெண் வீட்டில் இரவு தங்கி, காலையில் அரைகுறை உடையோடு சன்னலில் நின்று ஊரார் கண்ணில் பட்டு, தகப்பனை வேறு வழியின்றிச் சம்மதிக்க வைத்தார் என்று சொல்லப்படுகிறது. அதை வீரம் என்று புகழ்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. பந்தயத்தில் வைக்கப்பட்டது அந்தப் பெண்ணின் பெயர்.

கேள்வி: அதே மிராபோவின் சோஃபி யார்?

பதில்: இந்த வரலாற்றை ஒரு மகளின் காதலிலிருந்து தொடங்க வேண்டும். போந்தார்லியே ஊரின் மார்க்கி (ஒரு பிரபுப் பட்டம்) தெ மோனியேயின் மகள், மஸ்கட்டியர் படைவீரர் ஒருவரை விரும்பி, தகப்பனின் எதிர்ப்பை நீதிமன்றத்தில் வென்று மணந்தாள். ஆத்திரம் அடங்காத தகப்பன், 60 வயதைக் கடந்த நிலையில், அவளுக்குச் சொத்து போகாதிருக்க வேறு வாரிசு வேண்டி 1771இல் மறுமணம் செய்துகொண்டார். திஜோன் நகரத்துப் பிரபு குடும்பத்திலிருந்து வந்த மணப்பெண் சோஃபிக்கு அப்போது வயது 17.

மிராபோவின் தகப்பன், கடனாளியான மகனை அரசரின் முத்திரைக் கடிதத்தால் விசாரணையின்றிச் சிறைவைத்தார். 1775இல் போந்தார்லியே ஊருக்கு அருகிலிருந்த ஜூ கோட்டைக்கு மாற்றப்பட்ட மிராபோ, அங்கே சோஃபியைச் சந்தித்தார். கோட்டையின் தலைவரான முதிய பிரபுவுக்கும் சோஃபிமேல் கண் இருந்ததாகச் சொல்வார்கள். காவலர் போட்டியாளராகிவிட்டால் கைதியின் நிலை என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. 1776இல் இருவரும் ஹாலந்துக்கு ஓடிப்போனார்கள். மறு ஆண்டு போந்தார்லியே நீதிமன்றம் மிராபோவுக்குத் தலைவெட்டும் தண்டனை விதித்து, ஆள் அகப்படாததால் உருவப்படத்தின் மீது அதை நிறைவேற்றியது. பிறகு ஆம்ஸ்டர்டாமில் இருவரும் பிடிபட்டார்கள்.

மிராபோவை வான்சேன் கோட்டையில் 1780 வரை அடைத்து வைத்தார்கள். அங்கிருந்து அவர் சோஃபிக்கு எழுதிய கடிதங்கள் பின்னர் அச்சாகிப் புகழ்பெற்றன. சோஃபிக்குப் பிறந்த பெண் குழந்தை 1780இல் இறந்தது. சோஃபியோ ஜியான் ஊர்க் கன்னிமாடத்தில் வைக்கப்பட்டார். 1783இல் கணவர் இறந்த பின்னும் அந்த ஊரிலேயே தங்கிவிட்ட அவர், 1789இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டு மிராபோ, குருமாரும் பிரபுக்களும் அல்லாத பொதுமக்களான மூன்றாம் வகுப்பாரின் பிரதிநிதியாகத் தேசிய சபையில் முழங்கிக்கொண்டிருந்தார். கிழவரின் வஞ்சத்துக்கும் இளைஞரின் வேகத்துக்கும் சேர்த்து விலை கொடுத்தவர் சோஃபிதான் என்பது என் துணிபு.

கேள்வி: இந்த நிலை எப்போது மாறியது?

பதில்: முத்திரைக் கடிதங்கள் 1790இல் ஒழிந்தன. 1792 செப்டம்பர் 20ஆம் நாள் சட்டம், 21 வயது நிரம்பியவர் யாருடைய சம்மதமும் இன்றி மணக்கலாம் என்றது, மணவிலக்கையும் அனுமதித்தது. ஆனால் 1804ஆம் ஆண்டின் நெப்போலியன் சட்டத்தொகுப்பு, மகனுக்கு 25 வயது வரை பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று பழையதை ஓரளவு மீட்டது. அதை வரைந்த நால்வரில் ஒருவர் போர்த்தாலிஸ். 1783இல் எமிலியின் மணப்பிரிவு வழக்கில் அவளுக்காக வாதாடி மிராபோவைத் தோற்கடித்த எக்ஸ் நகர வழக்கறிஞர் அவரே.